கொலையாளியை விடுங்கள், விசாரிப்பவரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இம்முறை தொலைக்காட்சிக் குற்றத் தொடர்கள்

கேள்வி: கொன்றவர் யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டால் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? ‘கொலம்போ’வை இன்றைக்கும் ஏன் புகழ்கிறார்கள்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பெயரைக் கேட்டதும் கொழும்பு நினைவுக்கு வரும். இவர் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ்காரர். 1968 இல் தனிப் படமாக வந்து, 1971 இல் தொடராகி, 2003 வரை மொத்தம் 69 கதைகள். உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க். நடித்தவர் பீற்றர் ஃபோக்.

வழமையாக முதல் கால் மணித்தியாலத்துக்கு மேலாகக் கொலம்போ தலையே காட்டமாட்டார். கொலையாளி திட்டம் போடுவதையும், கொல்வதையும், தடயத்தைத் துடைப்பதையும் நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். ஆகவே ‘யார்’ என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. எந்த இடத்தில் சறுக்கினான் என்பதைத்தான் தேட வேண்டும். அதையும் கொலம்போவுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசை எங்களுக்கு வந்துவிடுகிறது.

அவர் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் ஒன்றுக்கும் உதவாத கேள்விகள்: சப்பாத்து என்ன விலை, மனைவிக்கு உங்களை நல்ல விருப்பம், இப்படி. பிறகு நன்றி சொல்லி வாசல் வரை போவார். திரும்பி, “இன்னும் ஒரே ஒரு விசயம்” என்பார். அந்தக் கேள்விதான் உண்மையான கேள்வி. வந்தவர் படலையைத் தாண்டினதும் வீட்டுக்காரர் முகம் தளருமே, அந்தத் தளர்வுக்குள் கேள்வியை இறக்குகிறார். கொலையாளிகள் பெரும்பாலும் பணக்காரர், புகழ் பெற்றவர்கள். கசங்கிய மழைக்கோட்டு போட்ட ஒருவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில் தேவைக்கு மேல் கதைத்து மாட்டுகிறார்கள். பேச்சில் அடிக்கடி வரும் மனைவியை அந்தத் தொடர் ஒருநாளும் காட்டவில்லை. மனைவியைப் பற்றிக் கொலம்போ சொல்வது மெய்யா, கேட்பவரை இளக வைக்கும் உத்தியா என்று கடைசி வரை தெரியாது. ஒரு பாத்திரத்தை எழுத இதைவிடச் சிக்கனமான வழி இருக்குமோ தெரியவில்லை.

கேள்வி: ‘த வயர்’ மூன்று பாகம் பார்த்தேன். யார் யாரென்றே விளங்கவில்லை. விட்டுவிடலாமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: நாலாவதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதில் மக்நல்ட்டி, பங்க் என்ற இரண்டு துப்பறிவாளரும் பழைய கொலை ஒன்று நடந்த குசினிக்குள் போகிறார்கள். ஏறத்தாழ ஐந்து நிமிடக் காட்சி. இருவரும் சொல்வது ஒரே ஒரு தூஷண வார்த்தையும் அதன் வேறு வேறு வடிவங்களும் மட்டுமே. படங்களை நிலத்தில் பரப்புகிறார்கள், அளவு நாடாவை இழுக்கிறார்கள், கொலையுண்ட பெண் நின்ற இடத்தில் ஒருவர் நின்று பார்க்கிறார். சுட்டவன் உள்ளே வரவேயில்லை, யன்னலுக்கு வெளியே நின்றான் என்பது மெல்லத் துலங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியில் புதைந்து கிடந்த குண்டு அகப்படுகிறது. வெளியே நிலத்தில் தோட்டாக் கோதும். ஒருவரும் எங்களுக்கு எதையும் விளக்கவில்லை, ஆனாலும் எல்லாம் விளங்கிவிடுகிறது.

மற்றத் தொடர்களில் இதே இடத்தில் ஒருவர் மற்றவரிடம், “அப்படியென்றால் கொலையாளி வெளியே நின்றிருக்கிறான்!” என்று சொல்வார். பக்கத்தில் நிற்பவரும் பொலிஸ்தானே, அவருக்கு ஏன் அதைச் சொல்ல வேண்டும்? பார்வையாளருக்காகப் பேசும் இந்த வசனம்தான் குற்றத் தொடர்களின் நிரந்தரத் தடிமன்.

தொடரை எழுதிய டேவிட் சைமன் பால்ரிமோர் பத்திரிகையில் பொலிஸ் செய்தி சேகரித்தவர். கூட எழுதிய எட் பேர்ன்ஸ் அதே நகரில் கொலைப் பிரிவுத் துப்பறிவாளராக இருந்தவர். 2002 முதல் 2008 வரை 60 பாகங்கள். போதைப்பொருள் வியாபாரம், துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று ஒவ்வொரு பருவமும் ஒரு வாசலைத் திறக்கும். பெயர்கள் பிடிபடாவிட்டால் ஒரு தாளில் இரண்டு நிரல் போடுங்கள்: பொலிஸ், தெரு. நாலைந்து பாகத்துக்குப் பிறகு தாள் தேவைப்படாது.

கேள்வி: ‘பிரேக்கிங் பேட்’ பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் எல்லோரும் ஸ்கைலரைத் திட்டுகிறார்கள். கணவன் போதைப்பொருள் காய்ச்சுகிறான், அவனை ஒருவரும் திட்டவில்லை. இது எழுத்தின் பிழையா?
– வாசகி, கொக்குவில்

பதில்: பிழையில்லை, ஆனால் எழுத்தின் விளைவு. கணவன் வோல்ட்டருக்குப் புற்றுநோய் என்று மனைவிக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் பொய் சொல்லும் ஒவ்வொரு முறையும் அது பொய்யென்று தெரிந்தவர்கள் அவனும் நாங்களும்தான். இரகசியத்தில் பங்காளியான பிறகு, “எங்கே போயிருந்தாய்?” என்று கேட்கிறவர் இடைஞ்சலாகத்தான் தெரிவார். அவளிடம் உள்ள தகவலை மட்டும் வைத்து முதற்பருவத்தைத் திரும்பப் பாருங்கள். வயிற்றில் பிள்ளை, கணவன் சொல்லாமல் காணாமல் போகிறான், கேட்டால் மழுப்புகிறான். அவள் கேட்பது ஒவ்வொன்றும் நியாயம். அந்தப் பாத்திரத்தில் நடித்த அன்னா கன், தன்மீது கொட்டப்பட்ட வெறுப்பைப் பற்றி 2013 இல் நியூயோர்க் ரைம்ஸில் கட்டுரையே எழுதினார். வெறுப்பு பாத்திரத்தோடு நிற்கவில்லை, நடிகையையும் தொட்டது.

கேள்வி: “மரணம் நேற்றிரவு பத்துக்கும் பத்தரைக்கும் இடையில்” என்று தொடர்களில் வைத்தியர் சொல்கிறாரே. அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஏலாது. உடல் குளிர்வதை வைத்துக் கணிப்பதற்கு உடலுக்கும் சூழலுக்கும் வெப்ப வித்தியாசம் வேண்டும். உயிரோடு இருக்கும்போது ஏறத்தாழ 37 பாகை. இங்கிலாந்தில் 10 பாகை அறையென்றால் இறங்குவதற்கு 27 பாகை இருக்கிறது, கணக்குப் போடலாம். எங்கள் ஊரில் சித்திரை மாத மத்தியானம் அறையே 32, 33 பாகை. இறங்க இருப்பது நாலைந்து பாகை மட்டும். அந்த முறை இங்கே கைகொடுக்காது.

உடல் விறைப்பதும் அப்படித்தான். இரண்டு முதல் நாலு மணித்தியாலத்தில் தாடைப் பக்கம் தொடங்கி, 12 மணித்தியாலமளவில் உடல் முழுக்கப் பரவி, பிறகு விடும் என்பது பொது விதி. வெக்கையில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். இரைப்பையில் கிடக்கும் சோற்றையும் நம்ப முடியாது. பயந்தவருக்குச் சமிபாடு தாமதமாகும். ஆகவே உண்மையான சட்ட வைத்திய அதிகாரி ஒரு நீண்ட இடைவெளியைத்தான் சொல்வார். அதை ஒடுக்குவது கடைசியாகக் கண்டவரின் வாக்குமூலம், தொலைபேசி அழைப்பு, கடை வாசல் கமரா. எழுதுகிறவருக்கு இது நட்டமில்லை. ஆறு மணித்தியால இடைவெளிக்குள் ஆறு பேரைச் சந்தேகிக்கலாமே.

கேள்வி: தொடரின் முடிவில் கொலையாளி பொலிஸ் நிலையத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், வழக்கு முடிகிறது. நீதிமன்றத்தில் இது நிற்குமா?
– சட்ட மாணவி, நல்லூர்

பதில்: உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இந்தியச் சட்டத்திலும் அதுவே விதி. தமிழ்நாட்டுத் தொடர்களுக்கும் சாட்டில்லை. (பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலுக்கு விலக்கு உண்டு. அதை எங்கள் வாசகர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

27 ஆம் பிரிவைத் திரைக்கதைக்காரர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்பதுதான் புதிர். “கத்தியைப் பின்வளவுக் கிணற்றுக்குள் போட்டேன்” என்று சந்தேகநபர் சொல்லி, கிணற்றை இறைத்துக் கத்தி எடுக்கப்பட்டால், கண்டுபிடிப்போடு நேராகச் சேர்ந்த அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாக நிற்கும். கண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பேசும் காட்சியை வெட்டிவிட்டுக் கிணறு இறைப்பதைக் காட்டுங்கள். மோட்டர் ஓடுகிறது, நீர் இறங்குகிறது, ஊர் கூடி நிற்கிறது, ஒன்றும் வரவில்லை, சேறு வருகிறது, பிறகு…

கேள்வி: தொடரைத் தொடங்கும்போதே எழுத்தாளருக்கு முடிவு தெரியுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: தெரிந்தால் நல்லது. ‘ட்வின் பீக்ஸ்’ 1990 இல் கொலையாளியை அவசரமில்லாமல் ஒத்திப்போட்டது. தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியதால் இரண்டாம் பருவத்தின் நடுவில் வெளிப்படுத்தினார்கள். அதோடு கூட்டம் கலைந்தது.

கேள்வி: ‘சுழல்’ பற்றி ஒரு வரி?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: 2022 இல் வந்த முதற்பருவத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா அலங்காரமாக நில்லாமல் கதையை நகர்த்துகிறது, இன்ஸ்பெக்டர் ரெஜினா தாயாகவும் பொலிஸாகவும் இழுபடுவது அருமை; ஆனால் பாகத்துக்கு ஒருவரென்று சந்தேகம் முறை வைத்துச் சுற்றுவதால் பாதியில் அந்தக் கணக்கு பார்ப்பவருக்குப் பிடிபட்டுவிடுகிறது.

கேள்வி: நாலு நண்பர்கள் சேர்ந்து யூரியூப்புக்கு ஆறு பாகத் தொடர் எடுக்கிறோம், பாகம் 20 நிமிடம். கதை யாழ்ப்பாணத்தில். எங்கே தொடங்குவது?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பதில்: முதற்காட்சியை எழுதவேண்டாம். குற்றம் நடந்த நாளை, கொலையாளியின் பக்கத்திலிருந்து, மணிக்கணக்காக ஒரு தாளில் எழுதுங்கள். அவர் செய்த ஒவ்வொரு காரியமும் யார் கண்ணில், எந்தப் பொருளில் என்ன அடையாளத்தை விட்டது என்று பக்கத்தில் குறியுங்கள். இந்தத் தாள் இல்லாமல் தொடங்கினால் ஐந்தாம் பாகத்தில் கதை தொங்கும். தொங்கினதும் புதிதாக ஒரு வில்லனைக் கொண்டு வருவீர்கள்.

கொலையாளி முதலாம் பாகத்திலேயே வரவேண்டும், அதுவும் குற்றத்தோடு சம்பந்தமில்லாத சொந்த அலுவலோடு: காணி எழுதவேண்டும், மகளுக்கு விசா வரவேண்டும். முக்கியமான ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஒன்றைப் பார்வையாளர் தவறவிடுவார், ஒன்றைப் பிழையாக விளங்குவார், மூன்றாவது பிடிக்கும். 20 நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு காட்சி போதும். பிடித்த சந்தேகநபரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி உங்களுக்குக் கிடைத்த இலவசக் கடிகாரம். ஒரு பாகத்தை முழுக்க அதற்குள் அடக்கலாம்.

சென்னைத் தொடரைப் பார்த்து “எஃப்.ஐ.ஆர். போடு” என்று எழுதாதீர்கள். இங்கே முறைப்பாடு, விளக்கமறியல், பொறுப்பதிகாரி. விசாரிக்கும் அதிகாரிக்குத் தமிழ் அரைகுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லும் கிழவி, “அவன் அப்பவே வந்திட்டான்” என்கிறார். ‘அப்பவே’ என்பது ஆறு மணியா, எட்டு மணியா? மொழிபெயர்க்கும் கான்ஸ்டபிள் ஒரு மணியைச் சொல்கிறார், அது சிங்களத்தில் எழுத்தில் ஏறுகிறது, கிழவி வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்கிறார். உங்கள் இரண்டாம் பாகம் அங்கே முடியலாம்.