புளி பூவில் இருக்கும்போது விலை பேசாதீர்கள்

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. காட்டில் ஏழு புளியமரம். நான்கு பட்டா நிலத்தில், மூன்று வண்டிப்பாதை ஓரப் புறம்போக்கில், அந்த மூன்றும் மாமனார் கையால் நட்டவை. வருஷா வருஷம் ஆனியில் மரம் பூத்து நிற்கும்போதே ஒரு வியாபாரி வந்து ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, மாசியில் ஆள் கூட்டிவந்து உலுக்கிக்கொண்டு போவாராம். இந்த வருஷம் மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் குத்தகை எழுதிக் கொடுங்கள், 40,000 ரூபாய் ஒரே தடவையில் தருகிறேன் என்று முத்திரைத்தாளோடு வந்து நிற்கிறார். கூடவே, "இரண்டு மரம் போன வருஷம் காய்க்கவே இல்லை, வயசாகிப்போச்சு, வெட்டிவிடலாம், அதற்கும் நானே விலை போடுகிறேன்" என்கிறார். மகன் பெங்களூரில். எழுதிக் கொடுக்கலாமா, மரத்தை வெட்டலாமா, இதுதான் கேள்வி.

இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஏழு மரம், மூன்று வருஷம், ஆக இருபத்தொன்று. 40,000 ரூபாயை அதில் வகுத்தால் ஒரு மரத்துக்கு ஒரு வருஷத்துக்கு 1,905 ரூபாய். ஒரு நடுத்தர வயது மரம் நல்ல வருஷத்தில் 150 கிலோ பழம் கொடுக்கும், பெரிய மரம் 200 கிலோவும் தாண்டும். மோசமான வருஷத்தில் 50 கிலோ வரலாம். நாம் குறைத்தே போடுவோம், சராசரி 100 கிலோ. அதில் ஓடு, நார், கொட்டை எல்லாம் போனால் 40 கிலோ சதை நிற்கும். அப்படியானால் அவர் உங்களுக்குக் கொடுப்பது கொட்டை எடுத்த புளி கிலோவுக்கு 48 ரூபாய்கூட இல்லை. உலுக்குகிற கூலி, பொறுக்குகிற கூலி, உடைக்கிற கூலி அவருடையது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது கடையில் கொட்டை எடுத்த புளி கிலோ என்ன விலை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நடுவில் எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கொட்டை. நூறு கிலோ பழத்தில் ஏறக்குறைய முப்பது கிலோவுக்கு மேல் கொட்டை வரும். அதைத் தனியாக வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள், தோல் நீக்கி மாவாக அரைத்துத் துணி நூலுக்கும் சணலுக்கும் கஞ்சி போட அது போகிறது. நாம் பல்லாங்குழிக்கும், ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் உருட்டவும் வைத்திருந்த அதே கொட்டைதான். விலை பேசும்போது ஒரு வியாபாரியும் கொட்டையைப் பற்றி வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஏன் ஆனியிலேயே வருகிறார்கள்? புளியமரம் வருஷத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். பங்குனி, சித்திரையில் பழைய இலை கொட்டிப் புதுத் தளிர் விடும். நம் பக்கத்தில் அந்தக் கொழுந்தைப் பறித்துப் பருப்போடு கடைவார்கள், துவையல் அரைப்பார்கள், அந்த ருசிக்கு ஈடே கிடையாது. வைகாசி, ஆனியில் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட பூ கொத்துக் கொத்தாக இறங்கும். அந்தப் பூவில் பெரும்பங்கு உதிர்ந்துவிடும், கொஞ்சம்தான் பிஞ்சாக நிற்கும். அப்புறம் ஆடி, ஆவணியில் பிஞ்சு, ஐப்பசி கார்த்திகை மழையில் காய் நீண்டு தடிக்கும், மார்கழியில் செங்காய், தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் பழம். பூவிலிருந்து பழத்துக்கு எட்டு ஒன்பது மாசம். ஆனியில் மரத்தைப் பார்த்து விளைச்சலைச் சொல்ல யாராலும் முடியாது, வியாபாரியாலும் முடியாது. ஆனால் ஆனிதான் விதைப்புச் செலவும் பள்ளிக்கூடச் செலவும் சேர்ந்து வந்து உங்கள் கையில் காசு இல்லாத மாசம். அவர் நம்பி வருவது மரத்தை அல்ல, அந்தக் காசில்லாத மாசத்தை.

என் அப்பாவும் இதில் மாட்டியவர்தான். ஒன்பது மரத்தை ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார். தாளில் 'மரங்களின் பேரில் சகல பாத்தியமும்' என்று ஒரு வரி இருந்தது, படித்துக் காட்டியவர் அதைப் படிக்கவே இல்லை. நாலாவது வருஷம் இரண்டு மரத்தின் பெரிய கிளைகளை விறகுக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். கேட்டதற்குத் தாளை எடுத்து நீட்டினார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், அம்மா. தாளில் 'புளியம்பழம் மட்டும்' என்ற வார்த்தை இருக்க வேண்டும். 'மரம்', 'அடிமரம்', 'சகல பாத்தியம்' என்ற வார்த்தைகள் எங்கே இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். மகனுக்கு அந்தத் தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி அவரை வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, காய்க்காத இரண்டு மரம். புளி ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தால் அடுத்த வருஷம் இளைப்பாறும். எல்லா மரத்துக்கும் இந்தப் பழக்கம் ஒரே அளவில் இருக்காது, ஆனால் பெரும்பாலான மரங்களுக்கு உண்டு. நீங்கள் சொல்கிற இரண்டும் அதற்கு முந்தின வருஷம் கிளை தொங்கக் காய்த்திருக்கும், நினைத்துப் பாருங்கள். இதில் குத்தகைக்காரர் கையும் இருக்கிறது. அவருக்கு மரம் சொந்தமில்லை, ஆள் கூலி நாளுக்கு ஏறிக்கொண்டே போகும், அதனால் நீளக் கம்பை வைத்து அடிஅடி என்று அடிப்பார்கள். பழத்தோடு செங்காய் விழும், அதோடு நுனிக் கொம்பும் ஒடிந்து விழும். அடுத்த தளிரும் பூவும் வர வேண்டிய கொம்பு அது. அடிபட்ட மரம் அடுத்த வருஷம் எப்படிக் காய்க்கும்? அப்புறம் அதே ஆள் வந்து மரம் கிழடாகிவிட்டது என்கிறார். மாமனார் நட்ட மரத்துக்கு என்ன வயசு இருக்கும், ஐம்பது அறுபது இருக்குமா? புளிக்கு அது நடுவயசு. நூறு வருஷம் தாண்டியும் காய்க்கிற மரங்கள் நம் சாலை ஓரங்களில் நிற்கின்றன, அகலப்படுத்துகிறோம் என்று வெட்டியது போக மிச்சம் இருப்பவை.

வெட்டுகிற மரத்துக்கு ஏன் விலை போடுகிறார் என்றால், புளி மரத்தின் கட்டை அவ்வளவு உறுதி. உலக்கை, செக்கு, கறிக்கடையில் வெட்டுகிற அடிக்கட்டை எல்லாம் அதில் செய்வதுண்டு. பிடித்தால் புளியங்கொம்பாகப் பிடிக்க வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. கரி போட்டாலும் நல்ல சூடு. உங்களிடம் விறகு விலைக்கு வாங்கி வேறு விலைக்குக் கைமாற்றுவார்கள்.

புறம்போக்கில் நிற்கிற மூன்று மரத்துக்கு வருவோம். மாமனார் நட்டது, நாற்பது வருஷம் நீங்கள் அனுபவித்தது எல்லாம் ஊருக்குத் தெரியும், ஆனால் நிலம் அரசாங்கத்தினுடையது, மரமும் கணக்கில் அதனுடையதுதான். அந்தப் பழத்தை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று உண்டு, மரப்பட்டா என்றும் சொல்வார்கள். நிலத்துக்கு உரிமை தராது, வெட்டவும் உரிமை தராது, பலனை எடுத்துக்கொள்ள மட்டும் உரிமை. மாமனார் பெயரில் பழைய 2சி ரசீது பெட்டியில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை வைத்து உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், மனுவின் நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புதிதாகவே கேளுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் ஜமாபந்தி, அதாவது வருஷா வருஷம் கிராமக் கணக்கைச் சரிபார்க்கிற முகாம், நடக்கும்போது தாலுகா அலுவலகத்தில் நேராகக் கொடுங்கள், கிராமக் கணக்கெல்லாம் மேசைமேல் இருக்கும் நாள் அது.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு மரத்தை நட்டுத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த குடும்பம் அதன் பழத்துக்காக மூன்று மேசைக்கு அலைய வேண்டும். மரம் நடுங்கள் என்று சுவரெல்லாம் எழுதுகிறவர்கள், நட்டவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். 2சி என்றால் என்ன என்று என்னிடமே திருப்பிக் கேட்ட அலுவலர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அது நேரலாம், அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். ஏனென்றால் அந்த மூன்று மரத்தையும் சேர்த்து நீங்கள் குத்தகை எழுதிக் கொடுத்தால், உங்களுக்கு உரிமை இல்லாததை எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். நாளைக்கு ஊராட்சி அந்த மரங்களை ஏலம் விட்டால் வியாபாரி உங்களிடம்தான் பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

அப்படியானால் குத்தகையே கூடாதா? ஒரே ஒரு நிலையில் கூடும், அது உங்கள் நிலையாகவும் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மரம் ஏற ஆள் இல்லை என்பதுதான் அந்த நிலை. புளியங்கொம்பு ஒடியாது என்பது பச்சைக் கொம்புக்குத்தான். பட்ட கொம்பு நடுவில் இருக்கும், இலை மறைத்திருக்கும், கால் வைத்தால் அப்படியே கொண்டுபோய்விடும். பழக்கமில்லாத பையனை ஏற்றிவிட்டு அவன் விழுந்தால், நூறு மூட்டை புளி வந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நிற்க முடியாது. நீங்களோ தனி ஆள். ஊரில் ஏறத் தெரிந்தவர் கிடைக்கவே இல்லை என்றால் குத்தகைக்கு விடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும். ஆனியில் அல்ல, மார்கழியில், காய் கண்ணுக்குத் தெரியும்போது. பட்டா நிலத்து நான்கு மரம் மட்டும். செங்காயை அடிக்கக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது, ஏறுகிறவர்களுக்குப் பொறுப்பு குத்தகைக்காரருடையது, முழுப் பணமும் முதல் மூட்டை கட்டுவதற்கு முன்னால், இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சியோடு. இதில் எதற்காவது அவர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள், மார்கழியில் காய் தொங்குகிற மரத்துக்கு ஆள் வராமல் இருக்க மாட்டார்கள்.

ஏற ஆள் கிடைத்தால் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடுவதே எனக்குப் பிடித்த வழி. பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு. அவருக்கும் அடுத்த வருஷம் மரம் காய்க்க வேண்டும் என்ற அக்கறை இருக்கும். பழத்தைத் தட்டினால் உள்ளே சதை சுருங்கி ஓடு விட்டுக் கலகலவென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் உலுக்க வேண்டும். ரொம்ப நாள் மரத்திலேயே விட்டாலும் வண்டு துளைக்கும், சித்திரை மழை வந்து நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பங்குனிக்குள் இறக்கி, நல்ல வெயிலில் காய வைத்து, உடைத்துவிடுங்கள்.

உடைத்த உடனே விற்காதீர்கள், இது முக்கியம். மாசி, பங்குனியில் எல்லோர் வீட்டிலும் புளி இருக்கும், விலை அடியில் கிடக்கும். வியாபாரிகள் அப்போது வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் போட்டு நிறம் கறுக்காமல் வைத்துக்கொண்டு பிறகு எடுப்பார்கள். உங்களிடம் கிடங்கு இல்லை, ஆனால் மண்பானையும் கல்லுப்பும் இருக்கிறது. கொட்டை எடுத்து இன்னொரு முறை காய வைத்த புளியை அடுக்கு அடுக்காக உப்புத் தூவி அமுக்கி வைத்து, வாயைத் துணியால் கட்டிவிட்டால் வருஷம் தாங்கும். அலுமினியத்திலோ பித்தளையிலோ வைக்காதீர்கள், விளக்குத் துலக்குகிற அதே புளிப்புப் பாத்திரத்தைத் தின்றுவிடும். நிறம் கறுக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்கள். ஆனால் பழைய புளிதான் உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன, அவர்களுக்கு நேராக இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று கொடுங்கள். எடை போட உங்கள் தராசையே வையுங்கள். வியாபாரி தராசு என்றால் சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, தூசிக் கழிவு என்று மூட்டைக்கு இரண்டு மூன்று கிலோ காணாமல் போகும்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள், காலியிடத்தில் இனிப்புப் புளி நாற்று வைக்கலாமா, வண்டியில் கொண்டுவந்து விற்கிறார்கள் என்று. வேண்டாம். அது விதையில் முளைத்த கன்றா, ஒட்டுக் கன்றா என்று தண்டின் அடியில் ஒட்டுப் போட்ட முடிச்சைப் பார்த்தால் தெரியும். வண்டியில் வருவதில் பெரும்பாலும் முடிச்சே இருக்காது. விதைக் கன்று காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும், காய்த்த பிறகுதான் அது என்ன புளி என்று தெரியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற புளி ரகத்தின் ஒட்டுக் கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்க ஆரம்பிக்கும். அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் கேட்டு, மழைக்கு முன்னால், பத்து மீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அது போதும். வியாபாரியிடம் மார்கழியில் வரச் சொல்லுங்கள். ஆவணியில் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பிஞ்சு எந்தப் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, போன வருஷம் காய்க்காத அந்த இரண்டு மரம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.