அலுவலகத்தில் சோரியாசிஸ் பற்றிப் பேச பத்து நிமிடம்: எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி: எனக்கு வயது 34. கல்லூரி நாளிலிருந்தே சோரியாசிஸ் என்ற தோல் நோய் இருக்கிறது. அக்டோபர் 29 உலக சோரியாசிஸ் நாள் என்பதால், அலுவலகத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்கிறார்கள். எனக்கு இந்த நோய் இருப்பது அங்கே ஓரிருவருக்குத்தான் தெரியும். என்ன பேசினால் பயன்படும்? எனக்கு இருப்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சொன்னால் கேட்பவர்கள் கூடுதலாகக் காது கொடுப்பார்கள், உண்மைதான். ஆனால் பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு வைத்தியத்தோடு உங்கள் மேஜைக்கு வருவார்கள். அதைச் சமாளிக்கத் தெம்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் நோயைப் பற்றி மட்டும் பேசினாலே போதும்.

இனி பேச்சுக்கு வருவோம். 'இது ஒட்டிக்கொள்ளாது' என்பதை முதல் நிமிடத்திலேயே போட்டு உடைத்துவிடுங்கள். வெறுமனே சொன்னால் தலையாட்டிவிட்டு, அப்புறம் நீங்கள் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரத் தயங்குவார்கள். காரணத்தோடு சொல்ல வேண்டும். தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர, சாதாரணமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் முடுக்கிவிடுவதால், அதே பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து செதிலாகின்றன. கறுப்புச் சட்டையின் தோளில் கொட்டிக் கிடக்கும் அந்த வெள்ளைத் துகள் வெறும் இறந்த தோல். அதில் நோயைப் பரப்பும் கிருமி எதுவும் இல்லை. கை குலுக்கினாலோ ஒரே துண்டில் துடைத்துக்கொண்டாலோ, ஏன், அந்தத் துகளையே தொட்டாலோ ஒன்றும் ஆகாது.

இந்தச் சந்தேகம் வருவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. படர்தாமரையும் வட்டமாக வரும், செதிலடிக்கும், அரிக்கும். அது பூஞ்சையால் வருவது, பரவவும் செய்யும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் குழப்பம் தீரும்.

படம் காட்டுவதாக இருந்தால் கவனம். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் உடம்பு முழுக்கப் பரவிய நிலை, அதுவும் வெள்ளைத் தோலில் சிவப்பாக. நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் அது ஊதா கலந்தோ சாம்பலாகவோ கரும்பழுப்பாகவோ தெரியலாம். சிவப்பை மட்டுமே பார்த்துப் பழகியவர் தன் முழங்கையில் இருப்பதை அடையாளம் காணமாட்டார். முழங்கை, முழங்கால், தலை, காதின் பின்புறம் ஆகியவற்றின் படங்களே போதும். நகத்தின் படம் ஒன்றும் வையுங்கள்: குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும்.

மூட்டைப் பற்றிப் பேச இரண்டு நிமிடமாவது ஒதுக்குங்கள். பல விழிப்புணர்வுப் பேச்சுகள் தோலோடு நின்றுவிடுவது எனக்கு எப்போதுமே குறைதான். சோரியாசிஸ் உள்ளவர்களில் பத்தில் மூன்று பேருக்கு வரை மூட்டு அழற்சியும் வரலாம். காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் மட்டும் முழுசாக வீங்குவது, குதிகால் வலி இவை அறிகுறிகள். எலும்பு மருத்துவரிடம் போகிறவர் தோலைப் பற்றிச் சொல்வதில்லை. தோல் மருத்துவர்களான எங்களிடம் வருகிறவர் மூட்டைப் பற்றிச் சொல்வதில்லை. இடையில் மூட்டு தேய்ந்துபோய், திரும்பச் சரிசெய்ய முடியாத நிலைக்குக்கூடப் போய்விடுகிறது. கேட்பவர்களில் ஒருவருக்காவது இந்தத் தகவல் நேரடியாகப் பயன்படக்கூடும்.

'டென்ஷனால் வருகிறது' என்று ஆரம்பிக்காதீர்கள். மன அழுத்தம் நோயைத் தூண்டலாம். ஆனால் அதை முதலில் சொன்னால், 'நீயே இழுத்துக்கொண்டது' என்றுதான் காதில் விழும். பரம்பரைக்குப் பங்கு உண்டு. தொண்டைத் தொற்று, தோலில் படும் காயம், லித்தியம் போன்ற சில மருந்துகள் இவையும் தூண்டும்.

'நிரந்தரமாகக் குணமாகுமா?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்: அடியோடு ஒழிக்க இன்றுவரை மருந்து இல்லை, ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். களிம்பு, புற ஊதா ஒளி, மாத்திரை, ஊசி எனப் பல படிகள் உண்டு. மருந்தின் பெயர்களுக்குள் மட்டும் போகாதீர்கள். உதாரணத்துக்கு, மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து சோரியாசிஸுக்கு வாரம் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டியது. தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரே போயிருக்கிறது. 'சில வாரங்களில் முழுக் குணம்' என்று உறுதி தருபவர்களைப் பற்றியும் எச்சரியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால், அதைச் சட்டென்று நிறுத்தும்போது நோய் முன்பைவிட மோசமாக வெடிக்கலாம்.

'இங்கே யாருக்கு சோரியாசிஸ் இருக்கிறது?' என்று சபையில் கேட்டுவிடாதீர்கள். முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஒருவர் கடைசி வரிசையில் இருக்கலாம். கேள்விகளைப் பெயர் எழுதாத சீட்டில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட சோரியாசிஸ் அறிக்கை, நோயாளிகளை ஒதுக்கிவைப்பதைப் பெரிய பிரச்சினையாகவே பேசுகிறது. உங்கள் அலுவலகம் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்லி அனுமதி கேட்கக் கூசி, பாதியில் விடுகிறவர்கள் உண்டு. அந்த நாட்களில் தாமதமாக வர ஏற்பாடு செய்ய முடியுமா என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். சரி என்றால், பத்தாவது நிமிடத்தில் அதை அறிவித்துவிடுங்கள்.