வரிக் கணக்குக்கு இத்தனை இஃப் எதற்கு?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சம்பளக் கணக்குக்காக பைத்தானில் எழுதிய நிரலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வருமான வரி கணக்கிடும் ஃபங்ஷன் முழுக்க இஃப் (if), எலிஃப் (elif) என்ற நிபந்தனைக் கட்டளைகள்தான். பழைய முறை, புதிய முறை, வயது என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகிறது. பட்ஜெட் வந்து விகிதங்களை மாற்றும்போதெல்லாம் எங்காவது ஓர் எண் திருத்தப்படாமல் தங்கிவிடுகிறது. மேட்ச்-கேஸுக்கு மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பைத்தான் 3.10-இல், அதாவது 2021 அக்டோபரில் வந்த மேட்ச்-கேஸ், ஒரு மதிப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்க நல்லது. உங்களிடம் இருப்பதோ ‘இத்தனை லட்சம் வரை’ என்கிற வரம்புகள். ஒவ்வொரு கேஸுக்குப் பக்கத்திலும் மறுபடி ஓர் இஃப் எழுதுவீர்கள். சட்டை மாறும், ஆள் அதேதான்.

எண் ஏன் தங்கிவிடுகிறது என்று முதலில் பார்ப்போம். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. 8 லட்சம் வரை 5%, 12 வரை 10%, 16 வரை 15%, 20 வரை 20%, 24 வரை 25%, அதற்கு மேல் 30%. இதை எலிஃபாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘வருமானம் 16 லட்சத்துக்குள் என்றால், 60,000 கூட்டல் 12 லட்சத்துக்கு மேற்பட்டதில் 15%’ என்று எழுதுவார்கள். அந்த 60,000 எங்கிருந்து வந்தது? கீழ் அடுக்குகளின் வரியை யாரோ கையால் கூட்டிப் போட்டது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலுள்ள எல்லாக் கிளைகளிலும் இந்தக் கூட்டுத்தொகை பொய்யாகிவிடும். உங்கள் தொல்லை இங்கேதான் இருக்கிறது. இஃப் பாவம், அதன்மேல் பழி போட வேண்டாம்.

அடுக்குகளை ஒரு லிஸ்டாக வெளியே எடுங்கள்: தொடக்க வரம்பு, அங்கிருந்து விகிதம் எவ்வளவு கூடுகிறது, இந்த இரண்டு மட்டும். லூப் ஒவ்வொரு வரம்புக்கும் மேலுள்ள தொகையை எடுத்து, கூடும் விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். வருமானம் வரம்பைத் தொடவில்லை என்றால் பூஜ்யம். 15 லட்சத்துக்குப் போட்டுப் பாருங்கள். 4-க்கு மேல் 11, 8-க்கு மேல் 7, 12-க்கு மேல் 3, ஆக 21 லட்சம். அதில் 5% என்றால் 1,05,000. 2025-26-இல் எல்லாப் படியும் ஐந்தைந்தாக ஏறுவதால் 5-ஐ நிரலுக்குள்ளேயே எழுதிவிடத் தோன்றும். வேண்டாம். 2024-25-இல் 15 லட்சத்தில் 20-இலிருந்து நேராக 30-க்குத் தாவியது.

உள்ளுக்குள் போகும் இஃப்களுக்குப் பதில், சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஒரு டிக்‌ஷனரி போதும். நிதியாண்டு, முறை, வயதுப் பிரிவு மூன்றும் சேர்ந்த டியூப்பிள் சாவி. மதிப்பு, மேலே சொன்ன லிஸ்ட். பழைய முறையில் வரியில்லா வரம்பு 2.5 லட்சம், 60 வயதானால் 3, 80 ஆனால் 5. புதிய முறையில் வயது வித்தியாசம் இல்லை, மூன்று சாவியும் ஒரே லிஸ்டைக் காட்டட்டும். பழைய ஆண்டுகளை அழிக்காதீர்கள், முந்தைய கணக்கைச் சரிபார்க்க யாராவது கேட்பார்கள். சாவி இல்லாதபோது கெட் (get) போட்டு ஏதோ ஒரு லிஸ்டைத் தருவதைவிட, நிரல் கீஎரர் (KeyError), அதாவது ‘இந்தச் சாவி இல்லை’ என்ற பிழை சொல்லி நின்றுவிடுவது நல்லது.

எல்லா இஃபையும் துரத்த வேண்டியதில்லை. புதிய முறையில் வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரியை முழுதாக நீக்கும் தள்ளுபடி உண்மையிலேயே ஒரு நிபந்தனை, அட்டவணைக்குள் அடங்காது. 12,10,000 வருமானத்துக்கு அடுக்குக் கணக்கில் 61,500 வரும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய 10,000-க்கு மேல் செஸ்ஸுக்கு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) முந்தைய வரி போகக்கூடாது என்பது விதி. இதைத் தனி ஃபங்ஷனாக வைத்து, தள்ளுபடி பொருந்தாதவற்றை முதலிலேயே முடித்து வெளியேறுங்கள். இந்தியாவில் வசிப்பவர் இல்லையா? தள்ளுபடி பூஜ்யம், அங்கேயே ரிட்டர்ன். எல்ஸே தேவைப்படாது. 4% செஸ் நிரலின் கடைசியில் ஒரே ஒரு லைன்.

பழைய ஃபங்ஷனை உடனே தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு வரம்பிலும், அதற்கு ஒரு ரூபாய் கீழும் மேலும் கொடுத்து இரண்டையும் ஓட்டுங்கள். விடை எங்கே வேறுபடுகிறதோ, அங்கே கையால் போட்டுப் பாருங்கள். பிழை புதிய நிரலில்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.