புகையை யார் பேரில் எழுதுவது?

அன்புள்ள ஐயா,
பணக்கார நாடுகள் பொருளாதாரத்தையும் வளர்த்துக்கொண்டு கார்பன் உமிழ்வையும் குறைத்துவிட்டன. ஏழை நாடுகளில் அது ஏறிக்கொண்டே போகிறது. அவர்களுக்குள்ள பொறுப்பு இவர்களுக்கு ஏன் இல்லை? நான் இறக்குமதிப் பொருட்களை வாங்காமல் விட்டால் பயன் உண்டா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ‘பொறுப்பு’ என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக வீசியிருக்க வேண்டாம். சில நாட்களாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அப்பா கணக்கெழுதிப் பிழைத்தவர். “சுமந்து வந்தவன் பேரில் பற்று எழுதாதே, சாமான் யார் வீட்டுக்குப் போச்சோ அவன் பேரில் எழுது” என்பார். தப்பாக எழுதினால் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்.

நீங்கள் பார்த்த கணக்கு சுமந்தவன் பேரில் எழுதியது. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் எழும் புகையைத்தான் கணக்குக் காட்டுகிறது. இரும்பை உருக்கிய நாட்டின் பேரில் புகை ஏறும். அந்த இரும்பில் செய்த காரை ஓட்டும் நாட்டின் பக்கத்தில் அது வராது. நாடு விட்டு நாடு போகும் கப்பல் விடும் புகையோ எந்த நாட்டின் கூட்டுத்தொகையிலும் இல்லை.

பொருளைப் பயன்படுத்துபவர் பேரில் மாற்றி எழுதியும் ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். அப்படி எழுதினால், வர்த்தகப் பொருட்களுக்காக எழுந்த புகையில், வரவு செலவு கழித்து, வளரும் நாடுகளின் கணக்கிலிருந்து வளர்ந்த நாடுகளின் கணக்குக்கு மாறும் கார்பன் டை ஆக்சைடு 1990இல் சுமார் 40 கோடி டன். 2008இல் 160 கோடி டன். இத்தனைக்கும் நடுவில்தான், 1997இல், உமிழ்வைக் குறைப்பதாகப் பணக்கார நாடுகள் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒப்புக்கொண்டன. குறைப்பு எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024இல் மூடியது, அது உண்மையான குறைப்பு. ஆனால் உலையை அடுத்தவன் ஊரில் மூட்டிவிட்டு, “என் வீட்டில் புகையே இல்லை, பார்” என்பதையும் அதோடு சேர்த்து நீங்கள் பாராட்டக் கூடாது.

உருக்கியவனுக்குக் கூலி கிடைத்ததே என்பீர்கள். சரி, ஒரு பங்கை அவன் பேரில் எழுதுங்கள். முழுவதையும் அவன் தலையில் கட்டுவது அநியாயம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் இறக்குமதியாகும் இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்றவற்றின் புகைக்கு விலை வைக்கிறது. வாங்குபவன் கணக்கில் ஏறுகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் வசூலாகும் பணம் உருக்கிய நாட்டின் உலையை மாற்றப் போக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் விதி இல்லை. அது போகாதவரை எனக்கு ஆறாது.

இறக்குமதிப் பொருளை வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அடுத்த முறை உமிழ்வு வரைபடம் ஒன்றை எனக்கு அனுப்பினால், அது எல்லைக் கணக்கா, நுகர்வுக் கணக்கா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்