தருமபுரிக்குப் பத்து பைட் போதாது

கேள்வி: பழைய டர்போ சி கம்பைலரில் ஒழுங்காக ஓடிய என் சி புரோகிராமை ஜிசிசி கம்பைலரில் போட்டால், தட்டச்சு செய்யும் வரியை வாசிக்கும் கெட்ஸ் ஃபங்ஷன் ஆபத்தானது என்கிறது, விஷுவல் ஸ்டுடியோவில் சி4996 என்ற எச்சரிக்கை எண்ணோடு நிற்கிறது. விடை சரியாகத்தான் வருகிறது. இந்த எச்சரிக்கைகளை எப்படி நிறுத்துவது?

விடை சரியாக வருகிறது என்கிறீர்கள். எந்த உள்ளீட்டுக்கு?

கிருஷ்ணகிரியில் கல்லூரி மாணவர்களுக்கு மாலை நேரத்தில் சி சொல்லித்தருகிறேன். "ஓடுகிறதே சார்" என்பது நான் அன்றாடம் கேட்கும் வாக்கியம். அப்படிச் சொல்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு சின்னப் பயிற்சி வைத்திருக்கிறேன். பஸ் டிக்கெட் புரோகிராம். ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது பல தகவல்களை நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு. அதில் ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து கொள்ளும் அரே, அதை அடுத்துக் கட்டணத்துக்கு ஷார்ட் என்ற இரண்டு பைட் எண். கட்டணத்தில் 45 என்று முதலில் போட்டுவிட்டு, ஊர்ப் பெயரை, எழுத்துத் தொடரைப் பிரதி எடுக்கும் ஸ்ட்ரிங் காப்பி ஃபங்ஷனால் உள்ளே எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் ஓசூர் ஐந்து எழுத்து, சரியாக வரும். பாலக்கோடு எட்டு, அதுவும் வரும். தருமபுரி என்று கொடுங்கள். பெயர் அழகாக அச்சாகும். கட்டணம் மட்டும் பூஜ்ஜியம்.

தருமபுரி ஆங்கிலத்தில் சரியாகப் பத்து எழுத்து. ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் நல் பைட்டைச் சேர்த்தால் பதினொன்று. அந்தப் பதினோராவது பைட் பக்கத்து வீடான கட்டணத்தின் முதல் பைட்டில் போய் உட்கார்ந்து 45-ஐ அழித்துவிடுகிறது. கட்டணம் 300 ஆக இருந்திருந்தால் 256 ஆகியிருக்கும்; மீதி 44 இருக்கும் முதல் பைட் அழிந்தாலும், 256-ஐ வைத்திருக்கும் மேல் பைட் தப்பித்துக்கொள்ளும். இப்போது வரிசையை மாற்றி, பெயரை முதலிலும் கட்டணத்தைப் பிறகும் எழுதுங்கள். கட்டணம் சரியாக 45 வரும். ஊர்ப் பெயருக்குப் பின்னால் மட்டும் ஒரு சிறு கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 45 என்பது அந்தக் கோடுதான்! டர்போ சியிலும், ஆப்டிமைசேஷன் (புரோகிராமை வேகப்படுத்தும் வசதி) போடாத ஜிசிசியிலும் இதைப் பார்த்துவிடலாம். மற்ற இடங்களில் வேறு ஏதாவது நடக்கும். எல்லை தாண்டி எழுதினால் இன்னதுதான் நடக்கும் என்று சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால் இதே வரிக்கு ஜிசிசி, 10 பைட் இடத்தில் 11 பைட் எழுதுகிறாய் என்று கணக்கோடு எச்சரிக்கும். இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைத்தான் நீங்கள் நிறுத்தக் கேட்கிறீர்கள். ஆனால் பெயர் புரோகிராமுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால்தான் கம்பைலருக்கு அந்தக் கணக்குத் தெரியும். பயனர் தட்டச்சு செய்யும் பெயரின் நீளம் அதற்குத் தெரியாது, அங்கே அது வாய் திறக்காது. எச்சரிக்கை இல்லாத புரோகிராம் எல்லாம் பத்திரமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

கெட்ஸ் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மற்ற ஃபங்ஷன்களைக் கவனமாகப் பயன்படுத்த முடியும்; கெட்ஸை முடியாது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று அதனிடம் சொல்ல வழியே இல்லை. 1988 நவம்பரில் கணினிக்குக் கணினி தானாகவே பரவிய மாரிஸ் புழு என்ற புரோகிராம் நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான்: யூனிக்ஸின் ஃபிங்கர் சேவை 512 பைட் ஒதுக்கிவிட்டுக் கெட்ஸால் வாசித்தது, புழு 536 பைட் அனுப்பியது. சி மொழிக்கு 2011-இல் வந்த சி11 தரத்திலிருந்து கெட்ஸை நீக்கியே விட்டார்கள். அதனால்தான் ஃபங்ஷன்களை அறிவிக்கும் புதிய லினக்ஸ் ஹெடர் கோப்பில் அது அறிவிக்கப்படுவதில்லை. பழைய ஜிசிசி அதற்கு எச்சரிக்கை தந்தது. 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதே பிழை. உங்கள் நண்பரின் லேப்டாப்பில் கம்பைல் ஆவது உங்களுடையதில் ஆகாமல் போனால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு இடம் என்று சொல்லக்கூடிய எஃப்கெட்ஸுக்கு மாறுங்கள். அது என்டர் விசையின் குறியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும், அதை நீக்காமல் ஸ்ட்ரிங்குகளை ஒப்பிட்டால் பொருந்தாது. அவ்வளவுதான் தொல்லை.

நடுவில் 'என்' சேர்ந்த ஸ்ட்ரிங் என்-காப்பியைப் பாதுகாப்பானது என்று பல குறிப்பேடுகளில் எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். அதே பத்து இடத்துக்கு அதே தருமபுரியை, அளவு 10 என்று கொடுத்துப் பாருங்கள். பத்து எழுத்தையும் எழுதிவிட்டு நல் பைட் போடாமலே திரும்பிவிடும். பக்கத்து நினைவகம் கெடாது, ஆனால் அச்சிடும்போது முடிவு தெரியாமல் வாசித்துக்கொண்டே போகும். அளவு சொல்லி அரேயில் எழுதவைக்கும் எஸ்என்-பிரின்ட்எஃப் இதைவிட நாணயமானது. கடைசி எழுத்தை வெட்டிவிட்டு முடிவுக் குறியைப் போடும். தேவைப்பட்ட நீளம் 10 என்றும் திருப்பித் தரும். அந்த எண் அரேயின் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். பெயரைத் தமிழில் வாங்குகிறீர்கள் என்றால் இடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்: எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'தருமபுரி' மட்டுமே 24 பைட், நல்லோடு 25.

சி4996 வேறு கதை. விஷுவல் ஸ்டுடியோ 2005 முதல் மைக்ரோசாஃப்ட், ஸ்ட்ரிங் காப்பி போன்ற பழைய ஃபங்ஷன்களுக்குப் பதிலாகப் பெயரின் முடிவில் 'எஸ்' சேர்ந்தவற்றைப் பயன்படுத்தச் சொல்கிறது. அவை சி11 தரத்தில் விருப்பப் பகுதியாக மட்டுமே இருக்கின்றன. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியில் கிடையாது. அங்கே எடுத்துப்போனால் உங்கள் புரோகிராம் கம்பைல் ஆகாது. இன்னொன்று, உள்ளீட்டை வாசிக்கும் ஸ்கேன்எஃப் என்பதை ஸ்கேன்எஃப்-எஸ் என்று மட்டும் மாற்றிவிட்டு, ஸ்ட்ரிங்குக்கான அளவைக் கூடுதலாகக் கொடுக்காமல் விட்டால் முன்பு ஓடியதும் ஓடாமல் நிற்கும். என் மாணவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் வந்து நிற்கிறார்கள். ஆகவே நீளத்தை எல்லாம் சரிபார்த்து எழுதிய புரோகிராமில் சி4996 என்ற அந்த ஒரு எண்ணை மட்டும் அடக்கிவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மொத்த எச்சரிக்கைகளையும் அணைப்பதில் இருக்கிறது. ஜிசிசியில் நேர்மாறாகச் செய்யுங்கள்: எச்சரிக்கைகளைக் கூட்டும் மைனஸ் டபிள்யூ-ஆல், மைனஸ் டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டையும் சேர்த்தே கம்பைல் செய்யுங்கள். பெயரில்தான் 'ஆல்', எல்லா எச்சரிக்கையும் அதில் வராது.

உங்கள் கல்லூரி லேபில் இன்னும் டர்போ சிதான் என்றால், எஃப்கெட்ஸ் அங்கேயும் ஓடும். சி மொழியின் 1989 தரத்திலேயே அது இருக்கிறது. எஸ்என்-பிரின்ட்எஃப் 1999 தரத்தில் வந்தது, டர்போ சியில் இருக்காது. அங்கே முதலில் ஸ்ட்ரிங்கின் நீளத்தை எண்ணி, அது அரேயின் அளவைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் ஸ்ட்ரிங் காப்பியைக் கூப்பிடுங்கள்.