ஓட்டை விழுந்த ஏஞ்சல் காசை வாங்கலாமா?

கேள்வி: முதலாம் எலிசபெத் காலத்து ஏஞ்சல் தங்கக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. காசு அடித்த காலத்தைக் காட்டும் சிறு முத்திரையாகப் பிறைக் குறி இருக்கிறது, எடை 4.95 கிராம், மேலே 2 மி.மீ. அளவுக்கு ஓட்டை. போலியாக இருக்குமோ, விட்டுவிடட்டுமா?

ஓட்டைக்காக விடாதீர்கள். மன்னர் தொட்டால் கண்டமாலை (கழுத்தில் கட்டிகள் வரும் நோய்) குணமாகும் என்று அன்றைய இங்கிலாந்தில் நம்பினார்கள், தொட்டு முடித்ததும் ஓட்டை போட்ட ஏஞ்சலை ரிப்பனில் கோத்து நோயாளியின் கழுத்தில் மாட்டுவார்கள், எலிசபெத்தும் இதைச் செய்தவர்தான். அதற்காக "இது ராணி கையால் கொடுத்தது" என்று விற்பவர் கதை விட்டால் அந்தக் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிற்பாடு நகையாக மாட்டிக்கொள்ள ஓட்டை போட்டதும் உண்டு. எப்படியானாலும் முழுக் காசின் விலை இதற்குக் கிடையாது. ஓட்டையின் உள்விளிம்பு மழுங்கியிருந்தால் பழையது. கூராகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

எனக்கு உறுத்துவது எடைதான். பிறைக் குறி என்றால் 1587-89. அப்போது ஏஞ்சலின் எடை 80 கிரெய்ன், அதாவது 5.18 கிராம். உங்களுடையதில் 0.23 கிராம் குறைகிறது. இது அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகடு, அந்த ஓட்டையோடு போன தங்கம் மிஞ்சிப்போனால் 0.03 கிராம். மீதி எங்கே போச்சு? கொஞ்சம் தேய்மானம், அப்புறம் கத்தரி! ஓரத்தை நறுக்கித் தங்கம் சேர்ப்பது அந்தக் காலத்துத் திருட்டு. எழுத்துகளுக்கு வெளியே ஓடும் மணி வளையம் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கிறதா, எழுத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் காசு நல்லதாகவே இருக்கலாம், விலையைத்தான் இன்னும் குறைத்துக் கேட்க வேண்டும்.

வட்டம் கோணலாக இருப்பதும் படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதும் குறையே இல்லை, சம்மட்டியால் அடித்த காசு அப்படித்தான் வரும். வார்ப்புப் போலியில்தான் எழுத்து சோப்பில் செதுக்கியதுபோல வழவழவென்று இருக்கும், பொடிக் குழிகள் தெரியும், சிலவற்றில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடும் ஓடும்.

சரி, கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. ஏஞ்சல் கிட்டத்தட்ட 24 காரட். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் உங்கள் காசு 0.26 கிராம் வாக்கில் குறைய வேண்டும். முலாம் பூசிய வெள்ளி என்றால் 0.47 குறையும். 0.01 கிராம் காட்டும் தராசு போதும். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.