துருக்மெனிஸ்தான் எப்படிப்பட்ட நாடு? இந்தியப் பாஸ்போர்ட்டில் அங்கே சுற்றிப் பார்க்கப் போக முடியுமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை: பாலைவனத்துக்குள் ஒரு கால்வாய் தண்ணீரைக் கொண்டுவருகிறது, ஒரு குழாய் எரிவாயுவை வெளியே கொண்டுபோகிறது. இரண்டின் வாயையும் பிடித்திருப்பது அரசு. அதனால் மற்ற எல்லாமும் அதன் பிடியில்தான். இரண்டாம் கேள்விக்கு: போகலாம். ஆனால் நினைத்த நாளில் நினைத்தபடி போக முடியாது. விவரம் கீழே.

வடக்கிலும் கிழக்கிலும் உஸ்பெகிஸ்தான், வடமேற்கில் கஜகஸ்தான், தெற்கில் ஈரான், தென்கிழக்கில் ஆப்கானிஸ்தான், மேற்கில் காஸ்பியன் கடல். பரப்பு சுமார் 4.88 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது ராஜஸ்தானைவிடப் பெரிது. இதில் ஏறக்குறைய 3.5 லட்சத்தைக் காரகும் பாலைவனம் விழுங்கிவிடுகிறது. காரகும் என்றால் கருமணல். மணல் என்னவோ கருப்பாக இருக்காது. மக்கள்தொகை அரசுக் கணக்கில் 70 லட்சத்துக்குச் சற்று மேல். வேலை தேடித் துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் போனவர்களைக் கழித்தால் அவ்வளவு தேறாது என்று வெளியில் பலர் சந்தேகப்படுகிறார்கள். இருப்பவர்களும் ஓரங்களில்தான் வாழ்கிறார்கள்: தெற்கே கோபெத் தாக் மலையடிவாரம், முர்காப், தேஜென் ஆற்றுப்படுகைகள், கிழக்கே ஆமூ தரியா கரை. நடுவில் மணல்.

தண்ணீர் கதையைப் புரிந்துகொண்டால் பாதி நாடு புரிந்துவிடும். பாமீர் மலைப் பக்கமிருந்து வரும் ஆமூ தரியாவிலிருந்து தண்ணீரை மேற்கே திருப்ப 1954இல் சோவியத் அரசு காரகும் கால்வாயை வெட்டத் தொடங்கியது. 1962இல் அது தலைநகர் அஷ்காபாதைத் தொட்டது. முழு நீளம் 1,375 கி.மீ. பாலைவனத்தில் பருத்தி விளைந்தது இதனால்தான். கோளாறும் இங்கேதான். கால்வாயின் பெரும்பகுதிக்குத் தளமோ கரைப்பூச்சோ கிடையாது. மணலில் அப்படியே வெட்டிவிட்டார்கள். வயலுக்குப் போகும் முன்பே ஏராளமான தண்ணீர் கசிந்தும் ஆவியாகியும் போய்விடுகிறது. கசிந்தது நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துகிறது. உயர்ந்த நீர் வெயிலில் ஆவியாகும்போது உப்பை மேலே விட்டுவிட்டுப் போகிறது. மாரி நகரப் பக்க வயல்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளையாகத் தெரிவது அந்த உப்புதான். உப்பைக் கழுவ இன்னும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சினால் நீர்மட்டம் இன்னும் ஏறும். ஆமூ தரியா போய்ச் சேர்ந்த ஆரல் கடல் வற்றியதில் இந்தக் கால்வாய்க்கு முக்கியப் பங்கு உண்டு. இப்போது ஆற்றின் மேல்பகுதியில் ஆப்கானிஸ்தான் 2022 முதல் 285 கி.மீ. நீளத்தில் கோஷ் தேப்பா கால்வாயை வெட்டிவருகிறது. அதில் முழு அளவு தண்ணீர் ஓடத் தொடங்கினால் துருக்மென் பருத்தி வயல்களுக்கு வரும் பங்கு குறையும்.

பருத்தியைப் பற்றி இன்னொன்று. விதைக்கும் அளவையும் கொள்முதல் விலையையும் அரசே நிர்ணயிக்கிறது. அறுவடைக் காலத்தில் ஆசிரியர்கள் உட்பட அரசு ஊழியர்களைக் கட்டாயமாக வயலில் இறக்குவதைக் காரணம் காட்டி, 2018இல் அமெரிக்கா துருக்மென் பருத்தி இறக்குமதியைத் தடுத்தது.

அடுத்தது எரிவாயு. இருப்பில் ரஷ்யா, ஈரான், கத்தாருக்கு அடுத்த நான்காம் இடம். மாரிக்குத் தெற்கே இருக்கும் கால்கினிஷ் வயல் உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று. இவ்வளவு இருந்தும் பணக்கார நாடாக ஏன் ஆகவில்லை? கடல்வழி விற்க வழியில்லை. குழாய் எங்கே போகிறதோ அவர்தான் வாடிக்கையாளர். சோவியத் காலக் குழாய்கள் எல்லாம் வடக்கே ரஷ்யாவுக்குப் போயின. 2009 ஏப்ரலில் ரஷ்யத் தரப்பு எடுக்கும் அளவைத் திடீரென்று குறைக்க, அழுத்தம் ஏறிக் குழாய் வெடித்தது என்று அஷ்காபாத் குற்றஞ்சாட்டியது. மாதக்கணக்கில் விற்பனை நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வழியாகச் சீனாவுக்குக் குழாய் திறந்தார்கள். 2016இல் ரஷ்யா வாங்குவதையே நிறுத்தியது (2019இல் மீண்டும் தொடங்கியது). 2017 தொடக்கத்தில் பாக்கித் தகராறில் ஈரானுக்கான வாயுவும் நின்றது. ஆக, ஒரு முதலாளியிடமிருந்து தப்பி இன்னொரு முதலாளியிடம் சேர்ந்த கதை. நமக்கு நேரடியாகத் தொடர்புள்ளது டாபி குழாய்: கால்கினிஷிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகப் பஞ்சாபின் ஃபாசில்கா வரை, சுமார் 1,800 கி.மீ., ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டர். 2015 டிசம்பரில் பூமிபூஜை ஆயிற்று. ஆப்கன் மண்ணில் வேலை தொடங்க 2024 செப்டம்பர் ஆயிற்று. இந்தியாவுக்கு எப்போது வரும் என்று தேதி போட்டுச் சொல்பவரை நம்பாதீர்கள்.

1993இலிருந்து வீடுகளுக்கு வாயு, மின்சாரம், தண்ணீர், உப்பு எல்லாம் குறிப்பிட்ட அளவுவரை இலவசம். வாயு விலை விழுந்து அந்நியச் செலாவணி வறண்டதும் 2019 தொடக்கத்தில் அந்தச் சலுகை எடுக்கப்பட்டது.

அரசியலை விரைவாகக் கடந்துவிடலாம். 1881இல் கோக் தேப்பே கோட்டையில் தேக்கே என்னும் துருக்மென் குலத்தாரை ரஷ்யப் படை நசுக்கியது. 1924இல் சோவியத் குடியரசு. 1991 அக்டோபர் 27 அன்று விடுதலை. முதல் அதிபர் சபர்முராத் நியாசோவ், ‘துருக்மென்பாஷி’ (துருக்மென்களின் தலைவர்) என்று பட்டம் சூட்டிக்கொண்டு, 2002இல் மாதங்களின் பெயர்களையே மாற்றினார். ஜனவரிக்குத் தன் பட்டம், ஏப்ரலுக்குத் தாயின் பெயர். 2006 டிசம்பரில் அவர் இறந்தபின் வந்த குர்பான்குலி பெர்திமுகமதோவ் 2008இல் பழைய பெயர்களைத் திருப்பிக் கொடுத்தார். 2022இல் நாற்காலியை மகன் செர்தாரிடம் கொடுத்தார். எதிர்க்கட்சியோ சுதந்திரப் பத்திரிகையோ கிடையாது. 1995 டிசம்பர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபை இந்நாட்டின் ‘நிரந்தர நடுநிலை’யை ஏற்றது. கொடியில் உள்ள ஆலிவ் கிளைகள் அதற்காகப் பின்னால் சேர்த்தவை. அவற்றுக்கு மேலே இருக்கும் ஐந்து கம்பளக் கோலங்கள் ஐந்து பெரிய குலங்களுடையவை. பெண்கள் கையால் நெய்யும் கம்பளத்தின் கோலத்தைப் பார்த்தே எந்தக் குலம் என்று சொல்லிவிடுவார்கள்.

அக்பருக்குப் பாதுகாவலராக இருந்த பைராம் கானும் கோல்கொண்டாவின் குதுப் ஷாகிகளும் துருக்மென்கள்தானே என்று சிலர் கேட்பதுண்டு. வம்சத்தால் ஆம். ஆனால் அவர்கள் ஈரான் பக்கம் ஆண்ட காரா கொயுன்லு கூட்டத்தின் வழியினர். இன்றைய நாட்டின் எல்லையோடு அதை முடிச்சுப் போட வேண்டாம்.

அஷ்காபாத் வெள்ளை நகரம். 1948 அக்டோபர் 6 நிலநடுக்கம் பழைய ஊரை ஏறத்தாழ முழுதாகத் தரைமட்டமாக்கியது. விடுதலைக்குப் பின் எழுந்தது பளிங்கு ஊர்: 543 பளிங்கு முகப்புக் கட்டடங்கள் என்று 2013இல் கின்னஸில் ஏறியது. அகலமான சாலைகள், நீரூற்றுகள், ஆளில்லாத நடைபாதைகள். கண் கூசும், கருப்புக் கண்ணாடி ஆடம்பரம் அல்ல.

இனி போகும் வழி. விசா நீங்களாக விண்ணப்பித்து வாங்குவது அல்ல. அங்குள்ள பயண நிறுவனம் ஒன்றைப் பிடித்து, நாளும் வழியும் முடிவுசெய்து, பாஸ்போர்ட் நகல், புகைப்படம், வேலை விவரம் அனுப்ப வேண்டும். அவர்கள் குடியேற்றத் துறையிடம் அழைப்புக் கடிதம் கேட்பார்கள். பல வாரங்கள் ஆகலாம். மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். அதனால் கடிதம் கைக்கு வரும்முன் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டக் கூடாது. கடிதம் வந்தபின் டெல்லித் தூதரகத்திலோ, அதில் குறித்த விமான நிலையத்திலோ எல்லையிலோ டாலர் கட்டி விசா ஒட்டிக்கொள்ளலாம். நுழையும் இடமும் வெளியேறும் இடமும் விசாவோடு கட்டுப்பட்டவை. வழியில் மனம் மாறினால் மாற்றுவது பெரும்பாடு. சுற்றுலா விசா என்றால் வழிகாட்டி கூடவே வருவார். அஷ்காபாத் வீதிகளில் மட்டும் தனியாக நடக்கலாம். 2025இல் மின்-விசாவுக்குச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். நடைமுறை எந்த நிலையில் இருக்கிறது என்று விண்ணப்பிக்கும் வாரத்தில் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வேலைநாளுக்கு மேல் தங்கினால் பதிவு கட்டாயம்; நிறுவனம் செய்யும், ஆனால் செய்துவிட்டார்களா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். வெளியேறும்போது அபராதம் உங்கள் தலையில்.

காலம்: ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர். ஜூலையில் 45 டிகிரி சாதாரணம். ஜனவரியில் பாலைவனம் உறைநிலைக்குக் கீழே போகும்.

ஐந்தாறு நாளுக்குச் சரியாக அமையும் வழி, உஸ்பெகிஸ்தானின் கீவாவிலிருந்து தஷோகுஸ் எல்லை வழியாக நுழைந்து, புகாராவுக்கு ஃபாராப் எல்லை வழியாக வெளியேறுவது. முதலில் கோனே உர்கெஞ்ச் என்னும் பழைய நகரம்: 60 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் ஒன்று லேசாகச் சாய்ந்து நிற்கிறது. அடுத்து தர்வாசா, எரியும் பள்ளம். அஷ்காபாதுக்கு வடக்கே சுமார் 260 கி.மீ.; சாலை மோசம், நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். சோவியத் காலத்தில் வாயு தோண்டும்போது தரை உள்வாங்கியது. 1971 என்று எல்லாரும் எழுதுகிறார்கள், உறுதியான ஆவணம் வெளியானதில்லை. ஒன்றை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்: சுற்றிலும் கிணறு போட்டு வாயுவை எடுப்பதால் தீ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று 2025இல் அதிகாரிகளே சொன்னார்கள். பழைய படங்களில் இருக்கும் தீ இப்போது இல்லை. இரவில் பாருங்கள், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும் பக்கமாக அணுகுங்கள், வேலியைத் தாண்டாதீர்கள், விளிம்பு மண் பொடிந்து சரியும். தங்கக் கூடாரங்கள் உண்டு; கம்பளி, டார்ச், தண்ணீர் கையில் இருக்கட்டும். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

நேரம் குறைவாக இருந்தால் தர்வாசாவை விட்டாலும் மெர்வ் என்னும் பழைய நகரத்தை விடக் கூடாது என்பது என் கணிப்பு. மாரி நகரிலிருந்து சுமார் 30 கி.மீ., பைராமலி அருகே. மற்ற பழைய ஊர்களில் ஒரு நகரத்தின் மேல் இன்னொன்று அடுக்கடுக்காக இருக்கும். இங்கே புதிய நகரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார்கள். அதனால் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட நகர வரலாறு தரையில் விரித்து வைத்தாற்போல் கிடக்கிறது. 1221இல் மங்கோலியர் அழித்ததில் தப்பி நிற்பவற்றில் முக்கியமானது 12ஆம் நூற்றாண்டின் சுல்தான் சஞ்சார் கல்லறை மாடம். இடம் பரந்தது, நிழல் கிடையாது. வண்டியும் அரை நாளும் வேண்டும்.

பணம்: நாணயம் மனாத். அரசு விலை 2015இலிருந்து டாலருக்கு 3.5, வெளிச்சந்தை விலை அதைப் போலப் பல மடங்கு, ஆனால் அங்கே மாற்றுவது குற்றம். வெளிநாட்டவருக்கு விடுதி டாலரில்தான். கார்டை நம்பாமல் மொத்தச் செலவையும் டாலர் நோட்டாக எடுத்துப் போங்கள். புதிய வரிசை நோட்டாக, கசங்காமல், எழுத்தோ முத்திரையோ இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு சிறு கிழிசல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் முடக்கம். விபிஎன்களையும் தேடித்தேடி அடைக்கிறார்கள். வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். சில நாள் தொடர்பு இருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அரசு மாளிகை, ராணுவம், போலீஸ், விமான நிலையம் ஆகியவற்றைப் படம் எடுக்க வேண்டாம். பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டு அவசியம். கம்பளம் வாங்கினால், அது பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழோடு வாங்குங்கள். இல்லாவிட்டால் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாடு பெரும்பாலும் இறைச்சி. சைவர்களுக்கு ரொட்டி, தக்காளி, தயிர், ஆகஸ்டில் முலாம்பழம். தம்தீர் என்னும் மண் அடுப்பில் சுட்ட சோரெக் ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது மரியாதைக் குறைவு.

காஸ்பியன் வழியாக அஜர்பைஜானின் பாகூவுக்குக் கப்பலில் போகலாம் என்று சிலர் ஆசைப்படுவார்கள். அது சரக்குக் கப்பல். சரக்கு நிறைந்து காற்றும் ஒத்துழைத்தால் புறப்படும், நேர அட்டவணை கிடையாது. துருக்மென்பாஷி துறைமுகத்தில் காத்திருக்கும்போது விசா முடிந்துவிட்டால் அபராதம், சில சமயம் நாடுகடத்தல். அப்படியும் அதில்தான் போவது என்றால், விசாவில் குறைந்தது மூன்று நாளாவது மிச்சம் இருக்கும்போதே துறைமுகத்துக்குப் போய்விடுங்கள்.